அருவியாற்று முகத்திலே ஒரு பட்டினம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)





ஆண்டு விழாவிலே மாதோட்டத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்று நமது செயலாளர் கேட்டபோது, திருக்கேதீச்சரப் பெருமானின் மகிமையையே நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அதனைப் பேசுந் தகுதி எனக்கில்லை. தேவாரத்தைப் பண்ணோடு ஓதவல்ல பெரியோர்கள் முன்வரிசையிலே அமர்ந்திருக்க, மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்துவிட்டு இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டை எட்டியிருக்கும் நான் அத்துறையில் வாய்திறப்பது அழகன்று. நான் பேச வந்தது கோயிலைச் சுற்றிக் கிடக்கும் மண்ணைப் பற்றி. அம்மண்ணின் கீழே துயிலும் பட்டினத்தைப் பற்றி.

முதலிலே ஒரு குற்றத்தை உங்கள் முன் ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, சிவராத்திரிக்கு அப்பாச்சியோடு திருக்கேதீச்சரம் போயிருந்தேன். பாலாவியில் நீராடிவிட்டு எல்லாரும் பூசைக்குப் போக, நான் மேட்டுப் பக்கமாய் அலைந்தேன். காலிலே ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவான ஓட்டுத்துண்டு. ஒரு பக்கத்திலே நீலமும் பச்சையும் கலந்த மெருகு. நம் வீட்டுச் சட்டிபானைகளில் அப்படியொரு நிறத்தை நான் கண்டதில்லை. அதைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டேன்.

மறுவாரம் பள்ளிக்கூடத்திலே எங்கள் சரித்திர ஆசிரியரிடம் அதைக் காட்டினேன். அவர் ஒரு சுவாமியார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார். “எந்த இடத்தில் எடுத்தாய்? எவ்வளவு ஆழத்தில் கிடந்தது? அதன் பக்கத்தில் வேறென்ன கிடந்தது?” ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. “தம்பி, நீ ஒரு புத்தகத்திலிருந்து ஓர் எழுத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாய். எழுத்து உன் கையில் இருக்கிறது. ஆனால் அது எந்தச் சொல்லில் இருந்த எழுத்து என்பதை இனி நீயும் அறியமாட்டாய், நானும் அறியமாட்டேன்” என்றார். அன்று எனக்கு மனவருத்தமாய் இருந்தது. அவர் சொன்னதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அந்த ஓடு இன்றும் என்னிடம் இருக்கின்றது. இப்பேச்சின் முடிவில் அதைப் பற்றி மீண்டும் சொல்வேன்.

அன்பர்களே, நாம் கூடியிருக்கும் இந்தக் கொண்டச்சியை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். இன்று அமைதியான கடற்கரை. காற்றும் மணலும் மரமுந்திரிகைத் தோட்டமும். இருநூற்றாண்டுகளுக்கு முன் உலகத்து வணிகர்கள் அறிந்த பெயர்களுள் கொண்டச்சியும் ஒன்று. ஆங்கிலப் படையில் அலுவல் பார்த்த பேர்சிவல் என்பவர் 1803ஆம் ஆண்டிலே வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், முத்துக்குளிப்புத் தோணிகள் வந்து கூடுமிடம் இக்கொண்டச்சிக் குடாவே என்று விவரித்துள்ளார். சலாபம் கூடினால் இக்கரையிலே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். தோணிச் சம்மாட்டிகளும் முக்குளிப்போரும், சுறாவைக் கட்டிப்போட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளும், செட்டிமாரும் சோனகரும் பறங்கியரும் ஒருங்கே கூடுவார்கள். சில கிழமைகளில் சலாபம் முடியும். நகரமும் மறையும். சிப்பி ஓடுகளே மிஞ்சும். 1905ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டியில் நடந்த பெருங்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதன் பிறகு படுகைகள் வறண்டன. சலாபமும் கதையாய் முடிந்தது.

கொண்டச்சி ஆண்டிலே சில கிழமை மட்டும் உயிர்த்த நகரம். வடக்கே உள்ள மாந்தையோ ஆயிரம் ஆண்டுக்கு மேலாக உயிர்த்த நகரம். இரண்டும் மறைந்தன, இரண்டும் ஓடுகளையே விட்டுச் சென்றன. ஒன்று சிப்பி ஓடு, மற்றையது மண்ணோடு.

அப்பட்டினம் அவ்விடத்தில் ஏன் எழுந்தது? அதற்கு விடை சொல்வது நம் அருவியாறு. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்று வழங்கும் இவ்வாறு, இலங்கையின் நீண்ட ஆறுகளில் ஒன்று. அநுராதபுரத்தைத் தழுவிக்கொண்டு வந்து, வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையே வண்டல் பரப்பிக் கடலிற் கலக்கின்றது. அதன் கழிமுக வெளிக்கு வடபால், மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் அமைந்ததே மாந்தை. தலைநகரமான அநுராதபுரத்துக்கு உள்நாட்டு வழி இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு. வெளிநாட்டு வழி இந்தக் கடல். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகளைப் பெருங்கலங்கள் எளிதிற் கடக்க இயலா. ஆகவே கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் இங்கே இறக்கி ஏற்றப்பட்டன. வடமொழியாளரும் பாளி நூலாரும் மகாதீர்த்தம், மகாதித்த என்றனர். நம்மவர் மாதோட்டம் என்றனர். பாண்டிய நாட்டிலிருந்து விசயனுக்கு மணமகள் வந்திறங்கிய துறை இதுவே என்பது மகாவம்சம் கூறுங் கதை.

இனி, மண் கூறுங் கதையைக் கேளுங்கள்.

மாந்தையின் மேடு குதிரை இலாடம் போன்ற வடிவினது. அதனைச் சுற்றி இரட்டை அகழி. மேற்பரப்பிலே முட்செடியும் ஆட்டுமந்தையும். கீழே பல முழ ஆழத்துக்குப் பட்டினத்தின் எச்சங்கள் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. வீடு இடிந்தால் அதன்மேல் மண் நிரவி மற்றொரு வீடு; அது இடிந்தால் அதன்மேல் இன்னொன்று. கீழே போகப்போகக் காலம் பின்னோக்கிச் செல்லும். அடித்தளத்திலே, பட்டினம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு வாழ்ந்த வேட்டை மக்களின் சிறு கற்கருவிகளும் கிடைத்தன.

இம்மேட்டை ஆராய்ந்தவர்கள் பலர். 1880களில் மன்னாரிலே அரசாங்க அலுவலராயிருந்த போக் என்பவர் இதனைப் பற்றி எழுதினார். 1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட் தோண்டினார். 1950களின் தொடக்கத்திலே சண்முகநாதன் அகழ்ந்தார். பின்னர் 1980ஆம் ஆண்டிலே ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் தொல்பொருட் திணைக்களத்தோடு சேர்ந்து பேரளவிலே அகழ்வைத் தொடங்கினார். 1984ஆம் ஆண்டோடு போர்ச் சூழல் அதை நிறுத்திவிட்டது. அவ்வகழ்வின் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013ஆம் ஆண்டிலேதான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! போர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றின் கணக்கை எழுதும்போது, உயிர்களுக்கும் வீடுகளுக்கும் கீழே ஒரு சிறு வரியாக இதையும் எழுதலாம்.

போர் முடிந்த 2009, 2010ஆம் ஆண்டுகளிலே மீண்டும் அகழ்வு நடந்தது. அப்போது ஆய்வாளர் செய்த ஒரு வேலை என் மனத்தைக் கவர்ந்தது. தோண்டிய மண்ணை வீசிவிடாமல் நீரிலே கரைத்தார்கள். கல்லும் மண்ணும் கீழே அமிழும். கரிந்த தானியமும் விதையும் மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய சல்லடையால் அள்ளி, நிழலில் உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்கள். நம் தாய்மார் அரிசி கழுவும்போது பதரை மிதக்கவிட்டு வடிப்பதை ஒத்த வேலையே அது. ஆனால் அவர்கள் தேடியது பதரை!

அந்தப் பதரிலே என்ன கிடைத்தது? பெரும்பாலும் நெல். அது நாம் எதிர்பார்த்ததே. அதனோடு கோதுமை, ஏறக்குறைய கி. பி. இரண்டாம் நூற்றாண்டுக்கு உரியது. கோதுமை இம்மண்ணில் விளைவதன்று. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த திராட்சை விதையும் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டளவிலான மிளகும் கிடைத்தது. எல்லாவற்றிலும் வியப்பானது ஒரு கராம்பு. ஏறக்குறைய கி. பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. அந்நாளிலே கராம்பு மரம் கிழக்கிந்தியத் தீவுகளுள் மலுக்குத் தீவுகளிலே மட்டும் வளர்ந்தது. ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீற்றர் கடல்வழி வந்த கராம்பு ஒன்று, மாதோட்டத்து அடுப்படியிலோ பண்டகசாலையிலோ தவறி விழுந்து, தீயிற் கரிந்து, மண்ணுக்குட் புகுந்து, ஆயிரம் ஆண்டு காத்திருந்தது. இவ்வாராய்ச்சி 2018ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது. பொன்னும் மணியும் கிடைத்திருந்தால் எந்த மூடரும் எடுத்துப் பத்திரப்படுத்துவர். கரிந்த கராம்பைக் காப்பதற்குப் பொறுமை வேண்டும், அறிவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, மண் கலையாமல் இருக்க வேண்டும்.

தானியத்தோடு ஓடுகளும் பேசின. சீன நாட்டுச் சங்ஷா முதலிய சூளைகளிலே சுட்ட கிண்ணங்கள் கிடைத்தன. பாரசீகக் குடாப் பக்கத்திலிருந்து வந்த நீலப்பச்சை மெருகிட்ட சாடிகள் கிடைத்தன. கண்ணாடி மணிகளும், சங்கு அறுத்த எச்சங்களும் கிடைத்தன. அரேபியக் கடலும் சீனக் கடலும் கைகோத்த இடம் நமது மாந்தை என்பதற்கு இவை சான்று. ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகத் துறவி, இந்தியா, பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் கலங்கள் இத்தீவுக்கு வருவதையும், சீனத்துப் பட்டும் கராம்பும் சந்தனமும் இங்கிருந்து மேற்கே போவதையும் எழுதிவைத்தார். அவர் எழுதியதை மண் மெய்ப்பித்தது.

அதற்கும் முந்திய செய்தி ஒன்றுண்டு. கி. பி. முதல் நூற்றாண்டிலே றோமாபுரிச் சக்கரவர்த்தி குளோதியுசின் காலத்தில், செங்கடல் வரி குத்தகையாளர் ஒருவரின் ஆள் காற்றில் அகப்பட்டு இத்தீவின் இப்புரோஸ் என்னுந் துறையை அடைந்தான் என்று பிளினி எழுதினார். கிரேக்க மொழியிலே இப்போஸ் என்றால் குதிரை. கொண்டச்சிக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையே அத்துறை என்று அறிஞர் சிலர் கருதுவர். அதற்கும் தெற்கே பொம்பரிப்பிலே ஈமத்தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர் அவற்றை ஒப்பிட்டனர். ஆகவே நாம் கூடியிருக்கும் இக்கரை, வடக்கே மாந்தையும் தெற்கே பொம்பரிப்புமாக, இருபுறமும் பழமை காவல் நிற்குங் கரை.

இனிச் சமயத்துக்கு வருகிறேன். திருஞானசம்பந்தரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் கேதீச்சரத்தைப் பாடியபோது, அத்தலம் காட்டுக்குள் ஒதுங்கிய கோயிலன்று. கலங்கள் நிறைந்த பட்டினத்துக் கோயில். சோழர் காலத்திலே தாழி குமரன் என்னும் அதிகாரி, இராசராசபுரம் என்று பெயர்பெற்ற இம்மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்னுங் கோயிலை எடுப்பித்து நிவந்தங்கள் விட்டான். அக்கல்வெட்டு கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பதினோராம் நூற்றாண்டிலே தலைநகர் அநுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவைக்குப் போயிற்று. அத்தோடு மாந்தையின் வாழ்வும் தளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1872ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் அவர்கள் புதையுண்ட அத்தலத்தை மீட்கும்படி சைவ மக்களை அழைத்தார். 1948ஆம் ஆண்டிலே திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள் அதற்குத் தம் வாழ்வையே ஈந்தார். 2022ஆம் ஆண்டிலே கருங்கல் திருப்பணி நிறைவேறிக் கும்பாபிடேகம் கண்டோம். இவையெல்லாம் நாம் பெருமையோடு சொல்லவேண்டியவை.

ஆனால், பெரியோர்களே, பெருமையைச் சொல்லும் வாயினாலேயே முழு உண்மையையும் சொல்லவேண்டும். அதே மாந்தை மண்ணிலே, பாரசீகக் கிறித்தவர் வழங்கிய சிலுவை பொறித்த களிமண் முத்திரையொன்றும் கிடைத்திருக்கின்றது. அநுராதபுரத்திலே அத்தகைய சிலுவைக் கல்லொன்று 1912ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. போர்த்துக்கேயர் வருமுன் பல நூற்றாண்டுகளாகவே இத்துறையிலே கிறித்தவ வணிகர் நடமாடினர் என்பது இதனாற் பெறப்படும். புத்த பிக்குகள் கப்பலேறிய துறையும் இதுவே. முசுலிம் வணிகரின் சாடிகள் குவிந்த துறையும் இதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பின்னாளிலே கட்டுக்கரைக் குளத்தருகே நடத்திய அகழ்வு, பழைய தமிழ்க் குடிகளின் வாழ்வையும் வழிபாட்டையும் காட்டுகின்றது. மண்ணிலே அடுக்குகள் உண்டு, வேலி இல்லை.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கின்றது. 2019ஆம் ஆண்டுச் சிவராத்திரியின்போது, திருக்கேதீச்சர வீதியிலே ஒரு வளைவின் பொருட்டு நமக்கும் கத்தோலிக்க அயலவர்க்கும் மூண்ட பிணக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வாரத்திலே என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இருவரும் யாருக்கும் தீங்கு செய்தவர்களல்லர். ஆயினும் “இது எங்கள் மண்” என்ற ஒரு சொல் இருவர் வாயையும் கட்டிப்போட்டது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாண முசுலிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இக்கொண்டச்சி மக்களும் அவர்களுள் அடங்குவர். போர் முடிந்தபின்பே அவர்கள் மீளத் தொடங்கினர். மீண்டவர்கள் தம் வீட்டு அத்திவாரத்தைக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடித்தார்களாம். நம் காலத்திலேயே ஊர் ஒன்று அகழ்வாராய்ச்சிக்கு உரிய பொருளாகிவிட்டது! “யார் முதலில் வந்தவர்?” என்று சண்டையிடுவோர், “யார் ஒருவருக்கு ஒருவர் இடங்கொடுத்தார்?” என்று மாந்தை மேட்டைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

நான் இப்படிப் பேசுவதால் நம் சமயப்பற்றுக் குறையும் என்று சில பெரியவர்கள் ஐயுறலாம். என் அப்பாச்சியும் அப்படித்தான் கேட்டார். “நீ வேதக்காரப் பள்ளிக்கூடத்திற் படித்ததனால்தான் இப்படிப் பேசுகிறாய்” என்றார். நான் சொன்னேன்: “அப்பாச்சி, நீங்கள் கேதீச்சர நாதரை நம்புவது ஓட்டுத்துண்டைக் கண்டா? ஓடு வேறு கதை சொன்னால் நம்பிக்கை போய்விடுமா?” அவர் சிறிது யோசித்துவிட்டு, “போகாதடா, அவர் ஓட்டுக்கும் முந்தினவர்” என்றார். அப்பதிலுக்கு மேலே நான் ஒன்றுஞ் சொல்ல வேண்டியதில்லை. உறுதியான பக்திக்கு உண்மை பகையன்று.

ஆனால் உண்மைக்குப் பகைவர் உளர். புதையல் தேடி இரவிலே தோண்டுவோர் ஒரு பக்கம். செங்கல்லுக்கும் கிரவலுக்கும் மேட்டை வெட்டுவோர் ஒரு பக்கம். தம் கட்சிக்கு உதவாத சான்றை மறைப்போர் ஒரு பக்கம். என்னைப்போல, அழகாயிருக்கிறதே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுஞ் சிறுவர் ஒரு பக்கம். கடைசியிற் சொன்னவர்களே தொகையிற் கூடியவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களே.

ஆகவே நம் சங்கத்து வாலிபர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறேன். முதலாவது, மாந்தையிலோ அரிப்பிலோ குதிரைமலையிலோ பழம்பொருள் கண்டால் அசைக்காதீர்கள். இருந்தபடியே படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கின்றது. சட்டத்துக்கு அஞ்சி அன்று. நம் பாட்டன் எழுதிய ஏட்டைக் கிழிக்கக்கூடாதே என்று கருதிச் செய்யுங்கள். இரண்டாவது, நம் முதியோரிடத்திலே உள்ள பழைய துறைகளின் பெயர், குளங்களின் பெயர், வழிநடைகளின் பெயர், சலாபக் கதைகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அவை மண்ணுக்கு மேலே உள்ள அடுக்கு. மண்ணுக்குக் கீழே உள்ளதைவிட விரைவாய் அழியும். மூன்றாவது, அடுத்த முறை மாந்தை மேட்டைப் பார்க்கப் போகும்போது, சிலாவத்துறை, கொண்டச்சி முசுலிம் வாலிபரையும், வங்காலை, அரிப்புக் கத்தோலிக்க வாலிபரையும் உடன் அழைத்துச் செல்வோம். மேடு எல்லாரையும் தாங்கும்.

முடிவாக, அந்த ஓட்டைப் பற்றி. இதோ என் கையில் இருக்கின்றது. பத்தாண்டுக்கு மேலாக என் மேசையிலே காகிதம் பறவாமல் பாரமாய் இருந்தது. பாரசீகக் குடாவிலிருந்து கடலேறி வந்த சாடியின் துண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் எந்த வீட்டிலே உடைந்தது, யார் கையிலிருந்து வழுவியது, எந்த அரசன் காலத்தது என்பவற்றை இனி எவரும் அறியார். அதை எடுத்த இடத்திலே மீண்டும் வைக்க எனக்கு வழியில்லை. ஏனெனில் எடுத்த இடமே எனக்குத் தெரியாது. வருகிற திங்கட்கிழமை தொல்பொருட் திணைக்களத்தில் ஒப்படைக்கப் போகிறேன். என் பிழையையும் ஒரு தாளில் எழுதி உடன் கொடுப்பேன். வாங்கிலே என் பக்கத்திலிருந்த அந்த நண்பனையும் கூட வரும்படி கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறான்.